தேர் வடத்தின் முதல் பிடி

மலேசியாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் திருநாவுக்கரசு வேலைநிறுத்தம் செய்தபோது ரப்பர் மரங்கள்கூடப் பால் சொட்டாமல் அவர் பக்கம் நின்றனவாம். சாட்சி அவர் ஒருவர்தான். முதலாளிகள் எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன பிறகு அவர் டவுனில் கார் கழுவும் கடை வைத்தார். அங்கே வேலை செய்யும் ஹேமநாதன் அவரைத் 'தோழர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது கட்டளை. லீவு கேட்டால் மட்டும் தோழருக்குக் காது மந்தம்.

எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவில் ஒவ்வொரு தொழில்காரருக்கும் ஒரு நாள் உபயம். தேரோடும் நாள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பால்வெட்டுக்காரர்களுடையது; அன்று வடத்தின் முதல் பிடி திருநாவுக்கரசுக்கு. அதற்குத்தான் இந்த வருஷம் ஆபத்து. பால் வெட்டத்தான் ஆளே இல்லையே, அந்த நாளைக் கடைக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றார் கோயில் தலைவர் தங்கராஜு.

கூட்டத்தில் திருநாவுக்கரசு எழுந்தார். "மரம்தான் போச்சு, தொழிலாளி எங்க போனான்? நாளைக்கு வராதேன்னு ஒருத்தர் சொன்னா உன் பொழப்பு நின்னுடுமா? அப்ப நீ பால்வெட்டுதான். இந்தப் பக்கம் வா."

போனில் வரும் ஆர்டருக்கு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் சத்தியசீலன் முதலில் வந்தான். "என்னை நிறுத்த ஆள்கூட வேணாம் மாமா. போனே நிறுத்திப்புடும்."

அடுத்து வந்தவள், பால்வெட்டுக்காரர்களை அதட்டிக் கணக்கெழுதிய பழைய கிராணியின் பேத்தி மாதவி, ஆஸ்பத்திரி டாக்டர்.

"நீ எங்கம்மா வர்றே?"

"கான்ட்ராக்ட் மாமா. அடுத்த வருஷம் இருப்பேனான்னு எனக்கே தெரியல."

கிராணி வீட்டுப் பெண் பால்வெட்டு வரிசையில்! திருநாவுக்கரசின் மீசை தானாக நிமிர்ந்தது. ஆட்கள் வந்து குவிந்ததில் மண்டபமே படகு மாதிரி அந்தப் பக்கம் சாய்ந்தது. உபயம் பிழைத்தது.

கடைசியாக ஹேமநாதன் வந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"தோழர், நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க?"



"ஆமாலா," என்றார் தங்கராஜு. "உங்களை யாரு வேலைய விட்டு நிறுத்துறது?"

"ஏன், என் பொண்டாட்டி நிறுத்துவா."

"அவங்க நிறுத்துனா சோறுதான் நிக்கும்," என்றான் ஹேமநாதன். "கடை நிக்காது."

தம் வாயால் போட்ட கோடு. கடைக்காரர்கள் பக்கம் தாண்டித்தான் ஆக வேண்டியிருந்தது.

தேரன்று முதல் பிடி ஹேமநாதனுக்குப் போனது. அந்தக் காலத்தில் எஸ்டேட்டை நடத்திய துரை வந்து நிற்கும் இடத்தில் திருநாவுக்கரசு நின்றார். துரைக்குப் போடும் பெரிய மாலையை மாதவி சிரிக்காமல் கொண்டுவந்தாள். அவரும் சிரிக்காமல் கழுத்தைத் தாழ்த்தினார்.

தேர் அசைந்தது. வடத்தைப் பிடித்தபடியே ஹேமநாதன் திரும்பினான்.

"முதலாளி, நாளைக்கு லீவு."

அத்தனை மேளச் சத்தத்திலும் அவருக்கு நன்றாகக் கேட்டது.