ஸ்டார்ட் ஆகுற வண்டிக்கு ‘ஈசியூ போச்சு’ன்னு சொன்னவன்

1. டேப்லெட் வந்த வாரம்

காட்டுப்பாக்கத்துல என் மெக்கானிக் ஷெட்டுக்கு, வண்டிக் கோளாறைப் படிச்சுச் சொல்ற புது டேப்லெட் ஸ்கேனர் வந்த வாரமே, நல்லா இருந்த ஒரு வண்டியை நான் சாகடிக்கப் பாத்தேன். இதை முதல்லயே சொல்லிடறேன். பின்னாடி சொன்னா மழுப்பறான்னு நெனைப்பீங்க.

ஸ்கேனர் வாங்குனதே பதட்டத்துலதான். எதிர் ஷெட்காரன் ஒண்ணு வாங்கிட்டான், கஸ்டமருங்க அந்தப் பக்கம் ஒதுங்க ஆரம்பிச்சாங்க. எனக்கு இருப்பு கொள்ளல. சேல்ஸ் ஆள் வந்தான். வாசல்ல நின்ன மூணு வருஷத்து வண்டியில சொருகிக் காட்டினான். எஞ்சின், கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக்னு வரிசையா பச்சை டிக் விழுந்துச்சு. “எல்லா வண்டியும் இதுல வரும்ணா”ன்னான். இருபது வருஷத்துக்கு மேல ஆன வண்டி வருமான்னு ஒரு கேள்வி கேட்டிருக்கணும். கேக்கல. என் புத்தியை எதால அடிக்கறது?

மூணாவது நாள் செல்லையா சார் வந்தாரு. ஆவடி டேங்க் ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆகி அங்கயே குடியிருக்கறவர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சர்வீஸ் முழுக்க சைக்கிள்லயே போய் வந்த மனுஷன், ரிட்டயர் ஆன கையோட ஒரு பழைய ஜெர்மன் சொகுசு காரை வாங்கினாரு. வெள்ளிக்கிழமையானா சம்சாரத்தை முன்சீட்ல உக்கார வெச்சுத் திருவேற்காடு கோயிலுக்குக் கூட்டிப் போவாரு. அந்த வண்டிக்கு வேற பெரிய வேலை கிடையாது. ஆனா அவருக்கு அதுதான் உசுரு.

பிரச்சினை இதுதான். வண்டி சூடானா ரோட்லயே நின்னுடும். இருபது நிமிஷம் ஆற விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஒரு தடவை நடு சிக்னல்ல, அம்மா, அதான் சாரோட சம்சாரம், உள்ள இருக்கும்போது நின்னுடுச்சு. பெங்களூர்ல இருக்கற மகன், இதை ஸ்கிராப்புக்குப் போட்டாதான் ஆச்சுன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. கடைசியா, குமார் பாத்து என்ன சொல்றானோ அதான் முடிவுன்னு அப்பாவும் மகனும் பேசிக்கிட்டாங்களாம். அந்தக் குமார் நான்தான்.

ஸ்டீயரிங்குக்குக் கீழ இருந்த பதினாறு பின் சாக்கெட்ல சொருகினேன். ‘கம்யூனிகேஷன் எரர்’னு வந்துச்சு. கேபிளைக் கழட்டி மாட்டினேன். இக்னிஷனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். அதே எரர். சார் கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல நிக்கறாரு. இன்னும் ரெண்டு கஸ்டமர் வேடிக்கை பாக்கறாங்க. எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு. தெரியலன்னு சொல்ல வாய் வரல.

“ஈசியூ போச்சு சார்”னேன்.

அதோட விட்டேனா? வண்டிக்கு மூளையே அதுதான், இந்த மாடலுக்குக் கிடைக்காது, கிடைச்சாலும் கோடிங் பண்ண ஆள் இல்லன்னு அடுக்கினேன். அவரு என்னையே பாத்தாரு. அப்படியான்னு மட்டும் கேட்டாரு. அப்புறம் சாவியைப் போட்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

2. குமணன்சாவடி சிக்னல்

அதுக்கப்புறம் ரெண்டு நாளா எனக்கு ஒரு மாதிரியாவே இருந்துச்சு. நட்டை முறுக்கினா த்ரெட் போவுது. சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியல. எது உறுத்துதுன்னு மட்டும் பிடிபடல.

வெள்ளிக்கிழமை காலையில பார்ட்ஸ் வாங்க பைக்ல போறேன். குமணன்சாவடி சிக்னல்ல எனக்கு முன்னாடி ஒரு ஷேர் ஆட்டோ ஆஃப் ஆயிடுச்சு. டிரைவர் திருப்பி ஸ்டார்ட் பண்ணினான், கிளம்பிட்டான். அப்பதான் எனக்கு உறைச்சுது. ஈசியூ செத்திருந்தா ஸ்பார்க் கிடையாது, பெட்ரோலும் தெளிக்காது. அப்புறம் செல்லையா சார் வண்டி என் கண்ணு முன்னாடியே எப்படிடா ஸ்டார்ட் ஆச்சு?

பேசத் தெரியாதது என் டேப்லெட். நான் வண்டியை ஊமைன்னு சொல்லிட்டேன்.

ஓரமா நிறுத்தி சார் வீட்டுக்குப் போன் அடிச்சேன். அம்மாதான் எடுத்தாங்க. சார் வாசல்ல ஸ்கிராப்காரங்களோட இருக்காருன்னாங்க. வண்டியைக் கொடுக்க வேணாம்னு சொல்லுங்கம்மான்னேன்.

“நீங்க சொன்னதாலதானே தம்பி கொடுக்காக,”ன்னாங்க.

நேரா ஆவடிக்குப் போறதா, வெறுங்கையோட போய் என்னத்தை நிரூபிக்கறது? பூந்தமல்லியில பாஷா பாய்னு ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்காரு. அந்தக் கால ஜெர்மன் வண்டிக்குன்னே உள்ள ஸ்கேனர் அவர்கிட்ட இருக்கும்னு தெரியும். செங்கல் மாதிரி கனமா இருக்கும், வட்ட பிளக். அவர்கிட்ட ஓடி, அதை அட்டைப்பெட்டியோட வாரிக்கினு ஆவடிக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் லாரி. இவ்வளவு ஹாரன் நான் ஜென்மத்துல அடிச்சதில்ல.

3. பானெட்டுக்குள்ள ஒரு மூடி

நான் போறப்ப காரோட முன்சக்கரம் ரெண்டும் ஸ்கிராப்காரனோட ஏத்தற வண்டி மேல இருந்துச்சு. ஸ்கிராப்காரன் என்மேல பாஞ்சான். “இன்னா அண்ணாத்தே, பேசி முடிச்ச வண்டியில வந்து கைய வெக்கற?” அஞ்சு நிமிஷம் கொடுன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். செல்லையா சார் அவனை இருக்கச் சொன்னாரு.

பானெட்டைத் திறந்தேன். ஓரத்துல திருகு மூடி போட்ட வட்ட சாக்கெட், அந்தக் கால ஈசியூ பேசறதே இது வழியாத்தான். அன்னைக்கும் அது அங்கதான் இருந்துச்சு, நான்தான் பானெட்டையே திறக்கல. பிளக்கைத் திருகினேன். சாம்பல் ஸ்கிரீன்ல எழுத்து ஒவ்வொண்ணா வந்துச்சு. ஈசியூ பதில் சொல்லிச்சு. எஞ்சின் சுத்தறதை ஈசியூவுக்குச் சொல்ற கிராங்க் சென்சாரோட சிக்னல் விட்டு விட்டுப் போகுதுன்னு ஃபால்ட் கோடு. வழக்கம்போல உடனே எரேஸ் பட்டனுக்குப் போன விரலை இழுத்துக்கிட்டு, முதல்ல கோடு நம்பரை எழுதிக்கிட்டேன்.

சூட்டுல நிக்குது, ஆறினா ஓடுது. ஸ்கேனரே இல்லாத காலத்துல இதைக் கேட்டிருந்தா, கிராங்க் சென்சாரைப் பாருன்னு தூக்கத்துல கூட சொல்லியிருப்பேன். புது மெஷின் கைக்கு வந்ததும் அந்தப் புத்தி எங்க போச்சோ. ஸ்கிராப்காரன் முணுமுணுத்துக்கிட்டே காரை இறக்கி விட்டுட்டுப் போனான். மறுநாள் சென்சார் மாத்தி, நல்லா சூடாகற வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். நிக்கல.

புதுசா ஷெட் போடற பசங்களுக்குச் சொல்றேன். சேல்ஸ் ஆள் டெமோ காட்ட வந்தா அவன் கைகாட்டற வண்டியில காட்ட விடாதீங்க. உங்ககிட்ட வர்றதுலயே பழைய, அடம் பிடிக்கற வண்டியைக் கொண்டாந்து நிறுத்துங்க. மாடல் லிஸ்ட்ல கார் பேரு இருந்தா பத்தாது, வருஷம் இருக்கான்னு பாருங்க. பழைய வண்டிக்கு வட்ட அடாப்டர் தர்றானா, ஓடும்போது சென்சார் ரீடிங் வருதா, எஞ்சினைத் தாண்டி ஏபிஎஸ், ஏர்பேக் படிக்குதான்னு உங்க கையால போட்டுப் பாருங்க. இப்ப என் ஷெட்டுக்கு எவன் ஸ்கேனர் விக்க வந்தாலும், வண்டியைக் கொண்டாங்கன்னு செல்லையா சாருக்குத்தான் முதல் போன் போவுது.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பற வழியில சார் ஷெட்ல நிறுத்தினாரு. அம்மா முன்சீட்ல இருந்தபடியே குங்குமம் கொடுத்தாங்க. என்னால தாங்க முடியல. “மன்னிச்சுக்கங்க சார், ஸ்டார்ட் ஆகுற வண்டியைப் போய் மூளை செத்துதுன்னு சொல்லிட்டேன்”னேன்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. எத்தனை டேங்க் எஞ்சினைப் பிரிச்சிருக்கேன்”னாரு.

“அப்புறம் ஏன் சார் ஒரு வார்த்தை கேக்கல?”

“உங்கிட்ட மெஷின் இருந்துச்சு. எங்கிட்ட வெறும் காதுதான இருந்துச்சு.”

இப்பல்லாம் எந்த வண்டி வந்தாலும், கேபிளைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி வண்டிக்காரரைக் கேக்கறேன், உங்களுக்கு இன்னா தோணுதுன்னு.