குசினி மாடத்து மகிமை

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியது முழுப் பிழை.

அரியாலையில் எங்கள் வீட்டுக் குசினியைப் பழையபடி திருத்தும்போது சுவருக்குள் ஒரு விளக்கு மாடம் அகப்பட்டது என்றும், அது என் காலஞ்சென்ற மாமனாரின் சிவபக்திக்குச் சாட்சி என்றும் கண்ணீர் மல்க எழுதியிருந்தேன் அல்லவா? அதை வாசித்துவிட்டு ஒருவர் கற்பூரத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். இன்னொருவர் தன் வீட்டுக் குசினிச் சுவரை இடித்துப் பார்த்திருக்கிறார் — ஒன்றும் அகப்படவில்லையாம்.

இருவரும் என்னை மன்னிக்க வேண்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு வீட்டுக்காரியின் உத்தரவும் வாங்கியாகிவிட்டது.

வீட்டுக்காரி என்றால் நிஜமான வீட்டுக்காரி. அது என் மனைவி பொன்னம்மாவின் சீதன வீடு. அங்கே ஓர் ஆணி அடிப்பதென்றாலும் நான் அவளைக் கேட்டுத்தான் அடிக்கவேண்டும். யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

மாமா இறந்தபோது எனக்குக் கொழும்பில் உத்தியோகம். வீட்டைச் சும்மா பூட்டிவைப்பானேன் என்று ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்கு வாடகைக்குக் கொடுத்தோம். மனிதர் நல்லவர். வாடகை ஒழுங்காக வந்தது. ஆனால் மீனும் இறைச்சியும் சாப்பிடுகிறவர்.

அவ்வளவுதான்... பொன்னம்மாவின் அண்ணன் சரவணமுத்து சாவகச்சேரியிலிருந்து அடுத்த கோச்சி ரயிலிலேயே ஏறிவந்து விட்டார்.

"அப்பு சைவமாய் இருந்து சாப்பிட்ட குசினி. அதுக்குள்ளை மச்சம் காய்ச்சுறவனைக் கொண்டுவந்து இருத்தப் போறியளோ? இனி உந்தக் குசினிச் சாப்பாட்டிலை நான் கை நனைக்கமாட்டன், சொல்லிப்போட்டன்!"

மச்சானுக்கும் மச்சத்துக்கும் அப்படி ஏழாம் பொருத்தம். தகப்பனைப் போலப் பிள்ளை என்று ஊர் மெச்சியது. மாமா ஊர்க் கோயிலின் மணியகாரராக இருந்தவர். மச்சம் தின்பவன் தேர் வடத்தில் கை வைக்கக்கூடாது என்று கோயில் வீதியில் நின்று சத்தம் போட்டவர்.

சொன்னபடியே மச்சான் கை நனைக்கவில்லை. நாங்கள் பென்ஷனோடு ஊருக்குத் திரும்பி, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டை விட்டுப் போன பிறகும் நனைக்கவில்லை. வருவார். விறாந்தையில் கதிரையைப் போட்டு இருப்பார். சுகம் விசாரிப்பார். தாகம் எடுத்தால் தான் கொண்டுவந்த செம்பைத் திறந்து தண்ணீர் குடிப்பார்! தங்கை வீட்டுக்கு வருகிற மனிதர், சாவகச்சேரிக் கிணற்றையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவார்.

எனக்கு அது சிரிப்பு. பொன்னம்மாவுக்கு அது சிரிப்பல்ல. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. இருப்பது ஒரே ஓர் அண்ணன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவருக்கென்று ஓர் இலையை எடுத்து வைப்பாள். பிறகு அதை மடித்து வெளியே போடுவாள். அன்றைக்கு அவளோடு பேச்சுக் கொடுக்க எனக்குத் தைரியம் வராது.

இந்த ஆனி மாதம் ஒரு முடிவுக்கு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, குசினியை அப்பு இருக்கேக்கை இருந்தமாதிரி ஆக்கித் தாங்கோ. அந்த மாஸ்டர் செய்ததொண்டும் அதுக்குள்ளை இருக்கக்கூடாது. பிறகு அண்ணை என்ன சாட்டுச் சொல்லுறாரெண்டு பாப்பம்."

மாஸ்டர் நாகரிகம் தெரிந்தவர். சுவரெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார். ரயில் கொடிப் பச்சை. எங்கே வாங்கினார் என்று நான் விசாரிக்கவில்லை. அடுப்பை இடித்துவிட்டு, நின்றுகொண்டே சமைக்க இடுப்பு உயரத்தில் ஒரு சீமெந்து மேடை. மழை வருகிறதென்று புகைக்கூட்டின் வாயைத் தகரத்தால் அடைத்திருந்தார். அம்மி, கோடிப்புறத்தில் உடுப்புத் துவைக்கிற கல்லாகக் கிடந்தது.

ஒரு மேசனைப் பிடித்து வேலையைத் தொடங்கினேன். மேற்பார்வை நான். பென்ஷன்காரனுக்கு மேற்பார்வை செய்ய ஏதாவது அகப்பட்டால் விடுவானா?

புகைக்கூட்டுத் தகரத்தைக் கழற்றியதும் ஒரு காகக் கூடு முழுதாக என் தலையில் வந்து விழுந்தது. கூட்டுக்குள் ஒரு கரண்டி! "ஐயோ, இது ஆச்சியின்ரை கரண்டி!" என்று பொன்னம்மா தாயின் கரண்டியைக் கழுவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் வேட்டியின் கதியை ஒருவரும் கேட்கவில்லை. பச்சையைச் சுரண்டச் சுரண்ட உள்ளே பழைய சுண்ணாம்பு தெரிந்தது. மேடை போய்த் தரையோடு மண்ணடுப்பு வந்தது. விறகு காயவைக்கும் பரணும் ஏறியது.

ஆடி அமாவாசை வந்தது. தகப்பனுக்காக நீராட வேண்டிய நாள். பொன்னம்மா விடியவே கீரிமலைக்குப் போய்விட்டாள். அங்கே அண்ணனும் வருவார். அவரைக் கையோடு சாப்பாட்டுக்கு அழைத்துவிடுவது என்று அவளுடைய திட்டம்.

அவள் போன பிறகு, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரை மேசன் தட்டினான். டொக்கு டொக்கு என்று ஒரு வெற்றுச் சத்தம். உடைத்துப் பார்த்தால்... மாடம்! ஒரு சட்டி வைக்கக்கூடிய அகலம். பின்பக்கம் வெளியே திறக்கிற சின்ன மரக்கதவு. அதையும் வெளியிலிருந்து பூசி மூடியிருந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினேன். எண்ணெய்ப் பிசுக்கு.

எண்ணெய் என்றால்? விளக்கு!

என் மூளை ஓடிய வேகத்தைப் பாருங்கள். மாமா சாப்பிடும்போது ஒருவரும் குசினிக்குள் போகக்கூடாது என்பது ஊரறிந்த சங்கதி. கதவைச் சாத்தி, சுவரைப் பார்த்து இருந்து, வாய் திறவாமல் சாப்பிடுவாராம். ஏன் சுவரைப் பார்த்தார்? சுவரில் விளக்கு எரிந்தது. ஏன் மௌனம்? தியானம். மாடம் ஏன் தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில் இருக்கிறது? நிலத்தில் இருந்து சாப்பிடுகிறவரின் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டாமா? பின்கதவு காற்றுக்கு. எல்லாம் பொருந்தியது. மேசனுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். "ஓம் ஐயா" என்றான். கூலிக்கு வந்தவன் வேறு என்ன சொல்வான்?

பொன்னம்மா திரும்பிவருவதற்குள் மாடத்தைக் கழுவி, சந்தனம் வைத்து, பித்தளை விளக்கேற்றி, செவ்வரத்தம்பூவும் சூட்டிவிட்டேன். வந்தவள் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். அங்கே நின்று அவள் தோள் குலுங்குவதை யன்னலால் பார்த்தேன். பாவம், பக்தி மேலிட்டுவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கே உட்கார்ந்து உங்களுக்குப் பத்தி எழுதினேன்.

மச்சான் வியாழக்கிழமை வந்தார். செம்போடுதான் வந்தார்.

"வந்து பாக்கிறனெண்டுதான் சொன்னனான். கை நனைக்கிறது குசினியைப் பாத்த பிறகு" என்று வாசலிலேயே நிபந்தனை.

உள்ளே கூட்டிப்போனோம். அடுப்பைப் பார்த்தார். தலையாட்டினார். புகைக்கூட்டை நிமிர்ந்து பார்த்தார். பரணைத் தொட்டார். அம்மியை ஒரு தடவு தடவினார். முகம் இளகிக்கொண்டு வந்தது. பொன்னம்மா சேலைத் தலைப்பைத் திருகியபடி நின்றாள். இதோ சம்மதிக்கப் போகிறார் என்று நான் நினைத்த நேரம், சுவர்ப் பக்கம் திரும்பினார்.

மனிதர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"ஆர்... ஆர் உதை உடைச்சது?"

"நான்தான் மச்சான்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

என்னைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "பிள்ளை, நீ போய்த் தேத்தண்ணி வை" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காதவர் தேநீர் கேட்கிறார்! அடுப்பு எதிரேயே இருக்கிறது. ஆனாலும் பொன்னம்மா கேத்திலை எடுத்துக்கொண்டு தண்ணீர் அள்ளப் போனாள்.

மச்சான் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்து இருத்தினார். குரல் கிசுகிசுத்தது.

"நீர் விளக்கு வைச்சிருக்கிறீர். மச்சான், அது அப்புவின்ரை மீன் மாடம்."

"என்ன மாடம்?"

"மீன் ஐசே, மீன்! பின்வளவுச் செல்லம்மாக்கா குழம்பு வைச்சு, சட்டியோடை வெளிக்கதவாலை உள்ளுக்குத் தள்ளிப்போட்டுப் போவா. அப்பு கதவைச் சாத்திப்போட்டு, சுவரைப் பாத்துக்கொண்டிருந்து சாப்பிடுவார். ஆச்சிக்கும் தெரியும். சோத்தைப் போட்டிட்டு முன்னுக்குப் போயிடுவா. குசினி வாசல்லை காவல் நிக்கிறது நான். ஒருதரும் வராமல் பாத்தால் எனக்கு ஒரு துண்டு."

என் எண்ணெய்ப் பிசுக்கை நினைத்துக்கொண்டேன். மாடத்தில் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

"அப்பு செத்து எட்டுச் சடங்கு முடிஞ்ச அண்டைக்கு, எல்லாரும் போனபிறகு நான்தான் என்ரை கையாலை அதைப் பூசி மூடினனான். ஊர் சிரிச்சால் சிரிக்கட்டும். தங்கச்சி அறியக்கூடாது. அவள் அப்புவைத் தெய்வமெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறவள். அந்த மாஸ்டர் வீடு கேட்டு வரேக்கையே, நான் சுவரை இடிப்பன், மேடை கட்டுவன் எண்டு நிண்டான். எனக்கு ஈரக்குலை நடுங்கிச்சு. மாடத்துக்காக வீட்டைக் குடுக்காதையுங்கோ எண்டு சொல்லேலுமே? மச்சமெண்டன். சொன்ன சொல்லிலை பிறகு நிக்கவேண்டி வந்திட்டுது."

"அப்ப நீர் சைவமாய் இருக்கிறது?"

மச்சான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். "அப்புவுக்கு இருந்த பேரை ஆராவது ஒருதர் உண்மையாக்கத்தானே வேணும்" என்றார்.

இத்தனை வருஷமாக இந்த மனிதரைச் செம்புச் சாமியார் என்று மனத்துக்குள் கேலி செய்திருக்கிறேன். பழைய வீட்டைப் பழையபடி ஆக்குகிறேன் என்று புறப்படுகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்க்கிறோம். யார் பூசினார்கள், எதற்காகப் பூசினார்கள் என்று கேட்கிறோமா?

"அவளுக்குச் சொல்லிப்போடாதையும்" என்று மச்சான் என் கையை அழுத்தினார். "விளக்கு மாடமெண்டே இருக்கட்டும்."

"அண்ணை."

வாசலில் பொன்னம்மா. கையில் கேத்தில். தண்ணீர் அள்ள இவ்வளவு நேரமா ஆகும்? எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"நீங்கள் போர்டிங்குக்குப் போன பிறகு, அந்த வாசல்லை ஆர் காவல் நிண்டதெண்டு ஒருநாளும் யோசிக்கேல்லையோ?"

மச்சானின் வாய் திறந்தது. மூடவில்லை.

"எனக்கும் அப்பு அண்ணைக்குச் சொல்லாதை எண்டுதான் சொன்னவர். கடைசிக் காலத்திலை தானே மனம் மாறி மாடத்தை மூடிப்போட்டாரெண்டு நினைச்சன். நீங்கள் தெரியாமலே இருக்கட்டுமெண்டு இவ்வளவு நாளும் வாயைத் திறக்கேல்லை."

"அடியே, அப்ப எனக்காவது சொல்லியிருக்கலாமே!" என்றேன் நான். "விளக்கும் பூவும் வைக்கும்வரை பார்த்துக்கொண்டா இருந்தாய்?"

"உங்களுக்குச் சொன்னால் பேப்பரிலை வரும். விளக்கு வைச்சால் ஒருதரும் உள்ளுக்குக் கையை விட்டுத் தடவமாட்டினம் எண்டு விட்டிட்டன்."



அவள் அண்ணனுக்கு முன்னால் வந்து இருந்தாள். "அப்பு கோயிலுக்குக் கள்ளன் இல்லை அண்ணை. மீனுக்குத்தான் கள்ளன். எனக்கெண்டு ஒவ்வொரு நாளும் ஒரு நடுத்துண்டை இலை ஓரத்திலை ஒதுக்கி வைக்கிறவர்."

மச்சான் நிமிர்ந்தார். முகம் சிவந்தது.

"என்ன? நடுத்துண்டோ?"

"ஓம்."

"எனக்கு வால்தானே தந்தவர்! அவ்வளவு காலமும் வால்! வளருற பிள்ளைக்கு வால் நல்லதெண்டு சொன்னவர்!"

பொன்னம்மா சிரிக்கத் தொடங்கினாள். மச்சான் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரில் சிரிப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தங்கையின் தலையில் கையை வைத்தபடி, "அப்பு... அப்பு..." என்று மட்டும் சொன்னார்.

இலை போட்டாள். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய், பருப்பு, சொதி. முழுச் சைவம். மச்சான் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்து, சோற்றில் சொதியை விட்டுப் பிசைந்தார். முதல் கவளத்தை அவர் வாயில் வைத்தபோது பொன்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தமுறை அவள் தோள் ஏன் குலுங்கியது என்று எனக்கு விளங்கியது.

"இதைப் பேப்பரில் எழுதலாமா மச்சான்?" என்று மெல்லக் கேட்டேன்.

"எழுதும். நல்ல மனுசன் எண்டும் சேத்து எழுதும்."

எழுதிவிட்டேன். மாமா நல்ல மனுசன்.

சாப்பிட்டு எழும்பி, கையைக் கழுவி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மச்சான் படியிறங்கினார். படலையடியில் நின்று திரும்பினார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வாறன். நல்ல மீனாய்ப் பாத்து வாங்கு. நடுத்துண்டு எனக்கு."

வால் யாருக்கு வரப்போகிறது என்று எனக்கு இப்போதே தெரிகிறது.