கலங்காத தண்ணீர்

என் மனைவியின் தம்பி சங்கு குளிப்பவன். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முங்கியே குடும்பத்தைக் காப்பாற்றியவன், அந்தக் கோடையில் கடல் கொதிக்கிறதென்று ஓசூருக்கு வந்து நின்றான். எனக்கு முதலில் எரிச்சல்தான். கடலைவிட்டு இந்த உலைக்களத்துக்கா வருவான் ஒருவன்?

"காத்து விழுந்துபோச்சு மச்சான். மேகமும் இல்ல. பாரெல்லாம் வெளுத்துப்போச்சு" என்றான். பவளப்பாறையை அவர்கள் பார் என்பார்கள். "காத்தடிச்சு அடித்தண்ணி மேல வந்தா சரியாயிரும். அதுவரைக்கும் இங்க இருக்கேன்."

நான் வேலை பார்க்கும் பட்டறையிலேயே சேர்த்துவிட்டேன். உலையில் பழுத்த இரும்புத் தண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிக் குளிர்விப்பது எங்கள் வேலை. தொட்டிக்குள் ஒரு விசிறி தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். சூடேறிய தண்ணீரை பம்பு கூரைமேல் இருக்கும் கூலிங் டவருக்கு ஏற்றும். அங்கே ஆறித் திரும்பி வரும்.

சாப்பாட்டு நேரத்தில் போனில் படித்துக் காட்டுவேன். உலகம் முழுக்க இதே கதை. ஒரு கடலில் காற்று சோர்ந்துவிடுகிறது. இன்னொன்றில் நீரோட்டம் சூட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பசிபிக்கில் சில வருடங்களுக்கு ஒருமுறை கடலைச் சூடேற்றும் எல் நினோ. இத்தனைக்கும் அடியில் நாம் விடும் புகை பிடித்துவைக்கிற சூடு. அதில் பெரும்பங்கைக் கடல்தான் விழுங்குகிறது. அவனோ நான் காற்றைப் பற்றிப் படித்ததை மட்டும் காதில் வாங்கிக்கொள்வான்.

ஆயுதபூசை வந்தது. பொட்டு வைத்த எந்திரத்தை மறுநாள் காலைவரை யாரும் ஓட்டக்கூடாது. அன்று அவசரத்தில் கடைசி லோடைத் தொட்டியில் இறக்கிய கையோடு மெயினை அணைத்துவிட்டார்கள். தொட்டிக்குப் பூமாலை கட்டப் போன மச்சினன் தண்ணீருக்குள் கையை விட்டான். முகம் மாறியது.

"மேல சுடுது, அடியில சில்லுங்குது. எங்க கடல் இப்படித்தான் கெடந்துச்சு மச்சான்."

சொல்லிவிட்டு நேரே போய் மெயினைப் போட்டான், விசிறியையும் போட்டான். குங்குமம் தண்ணீரில் சுழன்றது. ஒருவர் கன்னடத்தில் திட்டினார், ஒருவர் தெலுங்கில். சூப்பர்வைசர் ஓடிவந்தார். "பூசை போட்ட மெஷின ஓட்டறானே, கூறு இருக்குதா இவனுக்கு?"

அவன் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கையை விட்டான், தோள்வரை.

"இப்ப அடியும் சுடுது."

"டவர் பம்பைப் போடலையே மாப்ள, சூடு எங்க போகும்?" என்றேன், வேலைப் பேச்சாக.

"கடலுக்கு டவர் ஏது மச்சான்?"

நான் படித்துக் காட்டியதெல்லாம் எனக்குள்ளேயே இறங்காத இடத்தில் இது இறங்கிவிட்டது. இன்றுவரை அந்தத் தொட்டியில் கைவைக்க எனக்குப் பயம்.

அங்கேயே நின்று வீட்டுக்கு போன் போட்டான். "இனி காத்தடிச்சாலும் சூடு போகாது. வள்ளத்துல என் எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கச் சொல்லு." அந்தப் பக்கம் அவன் மனைவி அழுவது எனக்கும் கேட்டது.

மறுநாள் காலை உலையைப் பற்றவைத்தேன். புகை போன திசையையே பார்த்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றான்.