கைய எடுத்தா அளவு சரியாகும்

இண்டைக்கு கெம்பஸ் லேப்புல ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர அளக்கச் சொன்னாங்க.

ரெண்டு முனையையும் மல்டிமீற்றர் வயரோட சேர்த்து விரலால இறுக்கிப் பிடிச்சன். அரை மெகாகூட வரல்ல.

என்ட லேப் பார்ட்னர் தர்சிகா பக்கத்துல வந்து எட்டிப் பார்த்தா. அளவு இன்னும் இறங்கிச்சு!

"டேய் மோடா, ரெண்டு கையாலயும் பிடிச்சா மீற்றர் உன்னையும் சேர்த்துத்தான் அளக்கும். கை வேர்த்தா இன்னும் குறையும். ரெசிஸ்டர பிரெட்போர்ட்டுல குத்திட்டு கைய எடு."

எடுத்தன். டக்கெண்டு ஒரு மெகா!

மறுகா மெதுவாக் கேட்டா: "ஏசி போட்ட லேப்புல உனக்கென்ன வேர்வை?"

கேட்டுட்டு அவவே சிரிச்சா. வீட்ட போகக்க கல்லடிப் பாலம் முழுக்க நானும் தனியாச் சிரிச்சுக்கொண்டுதான் சைக்கிள் மிதிச்சன்.

ரிப்போர்ட்டுல பிழைக்கான காரணம் எழுதணும். அவட பேர எழுதினா மார்க்ஸ் தருவாங்களா, ஆக்களே?