மலைக்கோயில் மணி

என்னோடு படித்தவன் கேரள எல்லையில், தேயிலைத் தோட்டத்துச் சின்னக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் சாமியாராக இருக்கிறான். திருவிழாவுக்கு வா, வா என்று நாலு வருஷமாக நச்சரிப்பு. ஒருவழியாகத் தூத்துக்குடியில் பஸ் ஏறினேன். ஏறியது முதலே மனசு சரியில்லை. அண்ணன் நாட்டுப்படகில் கடலுக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. துறைமுகத்தில் புயல் கூண்டு வேறு ஏற்றிவிட்டார்கள். பாதி மலையிலேயே செல்போனில் சிக்னல் போனது. திரும்பிவிடலாம் என்றால் அடுத்த பஸ் மறுநாள்தான்.

கோயில் எங்கள் தெருமுனை மாதா கெபியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பாதி ஜெபம் தமிழ், பாதி மலையாளம். காணிக்கைக் கூடையில் மிளகும் ஏலக்காயும். நண்பன் ஆசை ஆசையாகக் காட்டினான். எனக்கு எதிலும் கவனம் ஓடவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. ஒரு அடி, இடைவெளி, மறுபடி ஒரு அடி. எங்கள் கடற்கரையில் அப்படி அடித்தால் சாவு. இந்த மலைக்கு எப்படிச் சேதி வரும் என்று யோசிக்கக்கூடப் புத்தியில்லாமல் மணிக்கூண்டுக்கு ஓடி, "யாரு? யாருக்கு அடிக்கிய?" என்று கத்தினேன்.

கயிற்றை விடாமலே, மணியடிக்கும் கோயில்பிள்ளை சிரித்தார். "யாருக்கும் ஒண்ணும் இல்லங்க. பனி இறங்குது பாருங்க. கீழே தோட்டத்து லய வீடுகள்ல இருக்கிறவங்க இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பாதை பிடிச்சு வருவாங்க. கடைசி ஆள் வர்ற வரைக்கும் நிறுத்த மாட்டோம். இங்க அதுதான் வழக்கம்."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பனிக்குள்ளிருந்து ஈரத் தலையோடு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக ஒரு கிழவர் வந்ததும் கோயில்பிள்ளை, "எல்லாரும் வந்தாச்சு" என்று கயிற்றை விட்டார்.

"எங்க அண்ணன் இன்னும் வரல அண்ணாச்சி. கடலுக்குப் போயிருக்கான்" என்று சொல்லி அழுதேவிட்டேன். அவர் மறுபடி கயிற்றைப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் பஸ் சோதனைச்சாவடி தாண்டியதும் சிக்னல் வந்தது. முதல் ரிங்கிலேயே அண்ணன் எடுத்தான்.

"ஏலே, எங்கன கெடக்க? நான் நேத்து மத்தியானமே கரையேறிட்டேன். மலைப் பாதையில பஸ்ஸு கிஸ்ஸு உருண்டுட்டோன்னு அம்மா நேத்துல இருந்து இங்க கோயில்லயே கெடக்கா. பச்சத் தண்ணி குடிக்கல."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவன் மேலா என் மேலா தெரியவில்லை. அம்மாவிடம் கொடு என்றேன். அவள் வாங்கினாள். அழுகைதான் கேட்டது.