பூட்டிய வீட்டுக்குப் போன சீர்

என் அக்காவை எங்கள் நைனா திருவண்ணாமலைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பட்டணத்துக் குழாய்க்குப் போய்விட்டது, இனி இந்தப் பக்கம் விவசாயம் செய்தால் மண்ணைத்தான் தின்ன வேண்டும் என்பது அவர் கணக்கு. மாப்பிள்ளை வீட்டிலோ வற்றாத கிணறு. "எம் பொண்ணு சோத்துக்குக் கஷ்டப்படாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தண்ணீரைப் பார்த்துப் பெண் கொடுத்த மனிதருக்கு, ரோடு எந்தப் பக்கம் வரும் என்று பார்க்கத் தெரியவில்லை.

ரோடு எங்கள் பக்கம் வந்தது. துறைமுகத்துக்குப் போகிற வழி என்பதால் கம்பெனி வந்தது, குடோன் வந்தது, வயலெல்லாம் மனையானது. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை கிடைத்தது, மாடி வீடும் கட்டினேன். மாமா ஊரில் கிணறு வற்றியது. அங்கே பேருக்கு ஒரு கம்பெனி கிடையாது, பஸ்கூட இஷ்டப்பட்டால்தான் வரும். மாமா என்னைவிடப் பெரிய உழைப்பாளி. நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை. பிறந்த இடம் நெடுஞ்சாலைக்குக் கிட்டே, அவ்வளவுதான். இதை நினைத்தால் யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரிவதில்லை.

போன வருடம் அக்காவும் மாமாவும் பிழைக்கக் கிளம்பினார்கள். வந்து சேர்ந்தது எங்கள் ஊருக்கே. ஏரிக்கரைப் பக்கம் ஒரு குடோனில் மாமா லோடு ஏற்றுகிறார், அக்கா பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறாள். தங்குவது காண்ட்ராக்டரின் தகரக் கொட்டகையில். என் வீட்டு மாடி காலியாகத்தான் கிடக்கிறது. எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை. "கட்டிக் குடுத்த பொண்ணு தம்பி ஊட்ல குந்திக்கினு பொழைக்கறதா? போடா," என்றாள்.

இந்தப் பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப்பானை, புடவை எல்லாம் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பார்த்ததும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"இங்க இன்னாத்துக்குடா எடுத்தாந்த? சீரு நான் வாழப்போன ஊட்லதான் எறங்கணும். தெரு பாக்கணும். எனக்கும் பொறந்த ஊடு கீதுன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாவா?"

"நீயே அங்க இல்லியேக்கா."

"இன்னைக்கி இல்ல. நாளைக்கிப் போவ மாட்டனா? அது எங்க ஊடுடா."

குடோனில் பண்டிகைக்கும் லீவு இல்லை. அதனால் சாவியை என் கையில் கொடுத்தாள்.

கூப்பிடு தூரத்தில் இருக்கிற அக்காவை விட்டுவிட்டு, அவள் சீரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

போய் இறங்கினால் தெருவில் வீட்டுக்கு வீடு பூட்டு. பண்டிகைக்காவது ஆட்கள் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போனவர்கள், லீவு எடுக்காமல் நின்றால் கூடுதல் கூலி என்று அங்கேயே நின்றுவிட்டார்களாம். பஸ் ஸ்டாப் ஓரத்து டீக்கடைக்காரர் சொன்னார். அக்கா வீட்டு வாசலில் பானையை இறக்கி, கரும்பைச் சாத்தி வைத்து, வீடியோ கால் போட்டேன். அக்காவுக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. சீரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"அப்படியே தெருவக் காட்டு."

காட்டினேன்.

"எதிர் ஊட்ல?"

"பூட்டிக் கீதுக்கா."

"மூலையூட்டு அண்ணி இருப்பாங்களே?"

"அங்கயும் பூட்டுதான்."

"யாருமே பாக்கலியா?"

"பாக்கறதுக்கு யாரும் இல்லக்கா."

குடோனில் யாரோ அவளை அதட்டிக் கூப்பிடுவது கேட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கினு வந்துடுடா," என்றாள். "கொட்டாயிலயே வாங்கிக்கறேன்."