மலை உச்சி ஈரமும் எங்கள் விதைநெல்லும்

ரிட்டிகல மலையின் உச்சியில் எடுத்த அந்தப் படத்தில் நான் தொப்பலாக நனைந்து நிற்கிறேன். தலைக்கு மேலே கிளைகளில் பாசி தொங்குகிறது, அதன் நுனிகளில் நீர் சொட்டுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அதை அனுப்பியபோது "மேல சரியான குளிர்" என்று மட்டும் எழுதினேன். ஊரில் அப்போது சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது.

அந்த மலையில் தாவரங்களை அளக்கும் குழுவில் நான் தொழில்நுட்ப உதவியாளர். அனுமதி இல்லாமல் எவரும் ஏற முடியாத பாதுகாக்கப்பட்ட காடு அது. அடிவாரம் எங்கள் பக்கத்துக் காடுகளைப் போல வறண்டது. உச்சியில் மட்டும் முகில் வந்து தங்குவதால் மலைநாட்டுக்குரிய பாசியும் ஓர்க்கிட்டும் வளர்கின்றன. ஏறுவதற்கு முன் காலுறையில் ஒட்டிய விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவோம், வெளிக்களை ஒன்றும் உள்ளே போகக்கூடாது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கும். கயிறு கட்டிக் குறித்த சதுரங்களுக்குள் எது முளைத்தது, எது பட்டுப்போனது என்று பதிவோம்.

அப்பாவுக்கு இதில் ஒன்றுதான் முக்கியம். எங்கள் நானாட்டான் வயல்களுக்குத் தண்ணீர் தரும் அருவி ஆறு அந்த மலைப்பக்கத்தில்தான் தொடங்குகிறது.

மறுநாள் லீவில் வந்து முருங்கனில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். கிணற்றடித் தொட்டியில் விதைநெல் மூட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கென்று வைத்திருந்த நெல் முழுவதும் அதற்குள் இருந்தது.

"கூட்டம் முடிஞ்சுதோ அப்பா?"

"பின்னேரம்தான். அதுக்குள்ள ஊறட்டும். வாய்க்காலில தண்ணி வரேக்க முளை கட்டியிருக்க வேணும்."

குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் கூட்டத்தில்தான் முடிவெடுப்பார்கள். அதற்கு முன் எவரும் நெல்லை நனைப்பதில்லை. ஏன் நனைத்தீர்கள் என்று நான் கேட்பதற்குள், கதிரையில் இருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, சிரித்தார்.

"ஊரெல்லாம் உன்ர படம்தான் பிள்ளை. எங்கட ஆத்துக்குத் தலையில மழை எண்டு கமக்காரர் குறூப்பில நான்தான் போட்டனான்."

"ஐயோ மாமா, அது மழையில்லை. முகில்."

"நீ நனைஞ்சியோ, இல்லையோ?"

"நனைஞ்சனான்."

"பேந்தென்ன கதை!"

நான் விரலை மடக்கிச் சொல்லத் தொடங்கினேன். முகில் மரத்தில் படுகிறது. பாசி அதைக் குடிக்கிறது. சொட்டுவதை வேர் எடுக்கிறது. அதையும் மீறி ஓடையில் இறங்கினாலும் கீழே சிறு குளங்கள், அதற்குப் பிறகு அனுராதபுரத்துப் பெரிய குளங்கள், அவற்றை நம்பிய வயல்கள், அதற்கும் கீழே தேக்கம் அணை, கால்வாய், எங்கள் கட்டுக்கரைக் குளம். இந்த மாதத்தில் உச்சியில் சொட்டும் நீர் எங்கள் மதகு வரைக்கும் வருவதில்லை.

அப்பா தொட்டிக்குள் கைவிட்டு நெல்லைப் பிசைந்து பார்த்தார்.

"அப்ப அந்த மலையைக் காவல் காக்கிறதால எங்களுக்கென்ன லாபம்?"

சுவரொட்டியில் எழுதுவதைப் போல 'மலைதான் எங்கள் உயிர்' என்று சொல்லியிருக்கலாம். அதை நம்பித்தானே நெல்லை நனைத்திருக்கிறார்.

"மாரியில அங்க பெய்யிற மழை மண்ணை அள்ளிக்கொண்டு வராமல் வரும். எங்கட பங்கு அவ்வளவுதான் அப்பா. மிச்சமெல்லாம் அங்க இருக்கிறதுகளுக்கு. வேற எங்கயும் அதுகள் இருக்கேலாது."

"இதைப் படத்துக்குக் கீழ எழுதியிருக்கலாமே" என்றார் மாமா.

"நீ வாயை மூடடா" என்றார் அம்மா. பிறகு அப்பாவிடம், "இஞ்சாருங்கோ, முளை காட்டினால் அவிக்கவும் ஏலாது. இண்டைக்கே ஒரு முடிவு சொல்லுங்கோ" என்றார். புழுங்கலுக்கும் நெல்லை ஊறத்தான் வைக்கிறோம். ஊறியதை விதைக்கலாம், அல்லது அவித்து அரிசியாக்கலாம். முளைவிட்டால் விதைப்பதைத் தவிர வழியில்லை, தண்ணீர் வராவிட்டால் எல்லாம் வீண்.

அப்பா கூட்டத்துக்குப் போய் இருட்டுவதற்கு முன் திரும்பினார். குளத்தில் தண்ணீர் போதாது. மதகுக்குக் கிட்டிய வயல்களை மட்டும் விதைக்க அனுமதித்திருந்தார்கள். அப்படியான போகங்களில், காணி யாருடையதாக இருந்தாலும் எல்லோருக்கும் அதில் ஒரு துண்டு பிரிப்பது எங்கள் வழக்கம். எங்கள் வயல் மதகிலிருந்து தொலைவு, அது இந்த முறை சும்மா கிடக்கும்.

அப்பா ஒரு மூட்டையைத் தூக்கி, ஈரச்சாக்கால் மூடி, மேலே வைக்கோலைப் போட்டார்.

"எங்கட துண்டுக்கு இது போதும். மாரிக்கும் அதில விளையிறதுதான் விதை."

"மற்றதுகள்?" என்று கேட்டேன்.

"அவியுங்கோ."

அம்மா ஏற்கெனவே நெல் அவிக்கும் கிடாரத்தைக் கழுவி வைத்திருந்தார். அப்பா அந்தப் பக்கம் பார்க்காமல் கால் கழுவப் போனார். நானும் அம்மாவும் நெல்லை வடித்துப் போட்டோம். ஆவி எழும்பியபோது உச்சியில் முகிலுக்குள் நடப்பதைப் போல இருந்தது, ஆனால் சுட்டது.

காலையில் மதகடியில் துண்டு பிரித்தார்கள்.

"மலையைச் சதுரம் போடுற பிள்ளை, எங்களுக்கும் போடன்" என்று மாமா கயிற்றின் ஒரு முனையை என்னிடம் தந்தார். நான் முளைக்குச்சி அடித்து இழுத்தேன். கயிறு கோணியது. மறுமுனையில் மாமா பக்கத்துத் துண்டுக்குள் ஒரு முழம் தள்ளி நின்றார்.

"உள்ளுக்கு வாடா" என்று அப்பா கத்தினார். "பக்கத்துக்காரனும் விதைக்கத்தானே வேணும்."